மேசை ஆட்டத்துக்குச் சின்ன மனிதர்கள்: கடலூர், புதுச்சேரியில் இருந்துகொண்டு தேடுவது எப்படி?

மேசை மேல் ஆடும் போர் விளையாட்டுக்குச் சிப்பாய் வேண்டுமா? பெட்டி பெட்டியாகக் கிடைப்பார்கள். தலையில் மீன்கூடை வைத்த ஒரு அம்மா வேண்டுமா? அங்கேதான் தலைவலி ஆரம்பம்.

எங்கள் ஆட்டத்தில் துப்பாக்கி கிடையாது. ஒரு கடலோரக் குப்பம், புயல் வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் துறைமுகத்தில் கூண்டு எண் ஏறிக்கொண்டே போகும். அதற்குள் அறுபது பேரைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள், விதிகள் எழுத ஒரே வாரம்தான் ஆனது. அறுபது பேரைத் தேடிப் பிடிக்க நான்கு மாதம் ஆனது. மூவாயிரம் ரூபாய்க்கு மேல் வீணாகவும் போனது. கீழே இருப்பதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் ஆறு வாரத்தில் முடித்திருப்பேன்.

1. ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் அளவை முடிவு செய்யுங்கள்

விளையாட்டுக்காரர்கள் மில்லிமீட்டரில் பேசுவார்கள்: 28 மி.மீ., 15 மி.மீ., 6 மி.மீ. என்று. ரயில் மாடல்காரர்களும் கட்டட மாடல்காரர்களும் விகிதத்தில் பேசுவார்கள்: 1/87, 1/100, 1/160. நாம் வாங்கப்போவது பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தின் சரக்கு. அதனால் இரண்டு பாஷையும் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கு எளிது. நின்றிருக்கும் ஆளின் உயரம் 1,700 மி.மீ. என்று வைத்துக்கொண்டு விகித எண்ணால் வகுங்கள். 1/72 என்றால் 23, 24 மி.மீ. 1/87 என்றால் 19, 20. 1/100 என்றால் 17. 1/150 என்றால் 11. 1/200 என்றால் எட்டரை மி.மீ., அதாவது அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஆள். 28 மி.மீ. என்று விற்பவை சுமார் 1/56-இலிருந்து 1/64 வரை எங்கேயோ நிற்கும். 15 மி.மீ.-க்கு 1/100 பொருந்தும். 10 மி.மீ. ஆடுபவர்கள் ரயில்காரர்கள் 'என் (N) ஸ்கேல்' என்று சொல்லும் 1/160-ஐப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். விளையாட்டுக்கென்று செய்த உருவங்களுக்குத் தலையும் கையும் வேண்டுமென்றே பெரிதாக இருக்கும். ரயில் மாடல் மனிதர்கள் நிஜ விகிதத்தில் ஒல்லியாக இருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒருவர் பயில்வான், இன்னொருவர் டைபாய்டிலிருந்து எழுந்தவர் மாதிரி தெரியும். மேசையில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதற்கு ஒத்துப்போவதை வாங்குங்கள். ஒன்றுமே இல்லை, புதிதாகத்தான் ஆரம்பிக்கிறேன் என்றால் என் ஓட்டு 1/72-க்கும் 1/100-க்கும்தான். பொதுஜனம் மலிவாகக் கிடைக்கும் அளவுகள் அவை. (1/72 ஆடுபவர்கள் 1/75 பையை யோசிக்காமல் வாங்கலாம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்.)

2. ஊரில் முதலில் ஒரு சுற்று, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு

நான் செய்த முதல் தப்பு, பொம்மைக் கடைகளில் தேடியது. கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் ஏறி இறங்காத கடை இல்லை. வேடிக்கை பார்க்கும் ஆளை யாரும் விளையாட்டுக்கென்று செய்து விற்பதில்லை. சாதாரண மனிதர்களை வேறு யாருக்காகவோ செய்கிறார்கள்: கட்டடக்கலை படிக்கும் மாணவருக்கு, ரயில் மாடல் வைப்பவருக்கு, கொலு வைப்பவருக்கு, கிறிஸ்துமஸ் குடில் கட்டுபவருக்கு. அவர்கள் வாங்கும் இடத்தில் அவர்கள் சொல்லும் பெயரில் கேட்டால்தான் கிடைக்கும்.

ஊரில் உண்மையிலேயே உருப்படியான இடம், ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கு மாடல் சாமான் விற்கும் ஸ்டேஷனரி, ஆர்ட் கடைகள். ஃபோம் போர்டு, பால்சா மரம் தொங்கும் கடை என்றால் உள்ளே போங்கள். "மாடல்ல வைக்கிற ஸ்கேல் ஃபிகர் இருக்கா?" என்று கேளுங்கள். 'மினியேச்சர்' என்றால் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டுவார்கள். கல்லூரிகளில் ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் சமயத்தில் சரக்கு இருக்கும், மற்ற நாளில் காலி. சின்ன மரங்களையும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

கடலூர் வண்டிப்பாளையத்துக்கும் ஒரு நடை போனேன். கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். கல்யாண செட், மளிகைக் கடை செட் என்று அங்கே இல்லாத பொதுஜனம் இல்லை. எல்லாம் மூன்று அங்குலத்துக்கு மேல். நம் கணக்கில் மூன்று அங்குலம் என்பது 1/22, அதாவது மேசையில் ராட்சதன். இரண்டு செ.மீ. உயரத்தில் செய்ய முடியுமா என்று கேட்டேன். பெரியவர் என் விரல் நுனியைப் பார்த்துவிட்டு, "இதுல மூக்க எங்க தம்பி வைக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. இருந்தாலும் அந்த நடை வீண்போகவில்லை. கூடையைத் தலையில் எப்படித் தாங்குகிறார்கள், இடுப்பில் குடம் வைத்தால் உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்த பொம்மைகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். போன் கேமராவில் நாலு படம் எடுத்துவையுங்கள், ஆறாவது படியில் உதவும்.

கிறிஸ்துமஸ் குடில் செட் நவம்பர் கடைசியில் கடைக்கு வரும். மிகச் சின்ன செட்டிலேயே மேய்ப்பர் இரண்டு அங்குலம் இருப்பார், ஆகவே ஆட்கள் உதவ மாட்டார்கள். ஆடுகள் உதவும். மூன்று செ.மீ. குடில் ஆட்டின் கம்பளியைக் கத்தியால் சீவி, கொம்பு ஒட்டி, கறுப்பு அடித்தால் 1/72-இல் தரமான எருமை.

புதுச்சேரி மகாத்மா காந்தி ரோட்டு சண்டே மார்க்கெட்டில் பழைய பொம்மைக் குவியலில் கிளறுவது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. பொதுஜனம் கிடைத்ததில்லை. போகிற வழி என்றால் பாருங்கள்.

3. ஆன்லைனில் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது

ஆங்கிலத்தில் 'சிவிலியன் மினியேச்சர்' என்று தட்டினால் வரப்போவது தோட்டத் தொட்டியில் வைக்கும் குள்ளர்களும் கேக் மேல் வைக்கும் மணமக்களும்தான். தட்ட வேண்டியவை இவை: 'ஆர்க்கிடெக்சர் மாடல் பீப்பிள்', 'ஸ்கேல் மாடல் பீப்பிள்', 'டிரெயின் பாசஞ்சர் ஃபிகர்', 'அன்பெயின்டட் ஃபிகர்'. கூடவே உங்கள் விகித எண்.

நூறு பேர் கொண்ட பை ஒன்று நான் வாங்கியபோது 480 ரூபாய், ஆளுக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும்.

என் முதல் பை 1/100 என்று பெயர் போட்டு வந்தது. ஸ்கேல் வைத்து அளந்தால் ஒன்பது மி.மீ. கூடத் தேறவில்லை. 1/200 சரக்கு! விற்றவரைக் கேட்டால், "படத்தில் இருப்பதுதான் அனுப்பினோம்" என்கிறார். படத்தில் பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாததால் எனக்கும் வாதம் இல்லை. அன்றிலிருந்து நான் செய்வது: விகிதத்தை நம்பாமல் மி.மீ. உயரம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். வாங்கியவர்கள் போட்ட படங்களில் விரலோ நாணயமோ பக்கத்தில் இருக்கும் படத்தைத் தேடுவேன். பார்சலைப் பிரிப்பதை, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுப்பேன். திருப்பி அனுப்ப அது ஒன்றுதான் ஆதாரம். திருப்பும் காலக்கெடுவையும் ஆர்டர் செய்யும்போதே குறித்துவையுங்கள்.

இரண்டாவது விஷயம், நூறு பேர் என்பது நூறு விதமான ஆள் அல்ல. பத்துப் பன்னிரண்டு அச்சுகள்தான், அதிலும் பாதிப்பேர் பெட்டி தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு விரைபவர்கள். குழந்தை அநேகமாக இருக்காது. உட்கார்ந்திருப்பவர்களைத் தனிப் பையாக விற்பார்கள். ஒரு பை உட்காருபவர்கள் வாங்குங்கள், படகுக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் அவர்கள்தான் வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு அலிஎக்ஸ்பிரஸ் என்ற சீன ஷாப்பிங் தளத்தில் தேடக் கிளம்பாதீர்கள். 2020 நவம்பரில் இந்திய அரசு தடைசெய்த செயலிகளில் அதுவும் ஒன்று.

4. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்: காகிதமும் காத்திருப்பும்

ஜெர்மனியின் பிரைசர் கம்பெனி ரயில் மாடலுக்கு வேண்டிய சாதாரண மனிதர்களைச் செய்வதில் பெயர் வாங்கியது. சந்தைக்காரர், சுமை தூக்குபவர், குழந்தையைக் கைப்பிடித்த தாய் என்று முகபாவம்கூடத் தெரியும் வேலை. விலையும் அப்படித்தான். பெயின்ட் அடித்த ஆறு பேருக்கு ஆயிரம் ரூபாய் தாண்டும். பெயின்ட் அடிக்காத பெரிய பெட்டி என்றால் ஆளுக்கு விழும் விலை வெகுவாகக் குறையும். நமக்கு வேண்டியது அதுதான், எப்படியும் மேலே சேலை கட்டப்போகிறோம்.

கூரியரில் வந்தால் சுங்கத்துக்காக அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதாரோ பான் கார்டோ ஸ்கேன் செய்து போனில் வைத்திருங்கள். ஆர்டரில் போட்ட பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும், இனிஷியல் உட்பட. இனிஷியல் முன்னால் பின்னால் மாறியதற்கே எனக்கு ஒன்பது நாள் போனது. கட்டணம் செலுத்திய ரசீதையும் கேட்கலாம், அதன் படத்தையும் சேர்த்துவையுங்கள். சொந்த உபயோகத்துக்கு ஒரு பெட்டி வாங்க இறக்குமதி உரிம எண் தேவையில்லை. ஐம்பது பெட்டி வாங்கி நண்பர்களுக்கு விற்கலாம் என்று நினைத்தால் கதை வேறு.

தபாலில் வந்தால் சென்னை வெளிநாட்டு அஞ்சல் அலுவலகம் வழியாக வரும். வரி போட்டிருந்தால் தபால்காரர் வீட்டில் வந்து வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். வீட்டில் இருப்பவரிடம் சொல்லிப் பணம் கொடுத்துவையுங்கள். எனக்கு வந்த மூன்று தபால் பார்சல்களில் ஒன்று 19 நாளில் வந்தது, ஒன்று 41 நாள் எடுத்தது, மூன்றாவது நடுவில் ஒரு மாதம் எந்தத் தகவலும் இல்லாமல் திடீரென்று வாசலில் நின்றது. பதிவுத் தபால் எண் இல்லாமல் அனுப்பச் சொல்லாதீர்கள், மிச்சமாகும் நூறு இருநூறு ரூபாய் அந்த ஒரு மாதத் தூக்கத்துக்கு ஈடாகாது.

'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பச் சொல்லும் யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதுவும் பொய், பயனும் இல்லை. பரிசுப் பொருளை வரியில்லாமல் இறக்கும் வசதியை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. அதே சமயம், குழந்தைப் பொம்மை என்று எழுதிவிட்டாலும் சிக்கல். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரியையும் 2023-இல் 70 சதவீதமாக்கினார்கள். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மாடல் உருவம் என்றால் உள்ளதை உள்ளபடி அப்படியே எழுதச் சொல்லுங்கள். மதிப்பையும் குறைத்துப் போடச் சொல்ல வேண்டாம்.

பொருள் விலையோடு அனுப்பும் செலவையும் வரியையும் கூட்டிப் பார்த்தால் என் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பில் போய் நின்றது. முகம் தெரிய வேண்டிய ஏழெட்டுப் பேருக்கு மட்டும் இந்த வழி. கூட்டத்துக்கு மூன்றாவது படியே போதும்.

5. முப்பரிமாண அச்சு (3டி பிரிண்டிங்)

உருவத்தின் கணினிக் கோப்பு (ஃபைல்) ஒன்றை விலைக்கு வாங்கி, 3டி அச்சுக் கடையில் கொடுத்து எடுப்பது. மூன்று விஷயம் கேளுங்கள். ரெசினில் (ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசின்) அச்சடிப்பீர்களா? (இழைப் பிளாஸ்டிக் அச்சில் இந்த அளவு முகம் படிக்கட்டு மாதிரி வரும்.) கழுவி, புற ஊதா விளக்கில் முழுக்க இறுக்கித் தருவீர்களா? அச்சடிக்கும்போது உருவத்தைத் தாங்கிப் பிடிக்கும் குச்சிகளை நீங்களே எடுத்துத் தருவீர்களா? கையில் பிசுபிசுவென்று ஒட்டும் ரெசினை வெறுங்கையால் தொடாதீர்கள், திருப்பிக் கொடுங்கள்.

கோப்பின் உரிமத்தைப் படியுங்கள். சில கோப்புகளை நீங்களே அச்சடிக்கலாம், கடையில் கொடுத்து அடிக்க அனுமதி இருக்காது. அனுமதி இருந்தால் கோப்பு வாங்கிய ரசீதைக் கடைக்குக் காட்டத் தயாராக வையுங்கள். 28 மி.மீ.-க்குச் செய்த கோப்பைச் சுருக்கி 1/72 ஆக்கினால் துடுப்பும் கைத்தடியும் முடி மாதிரி ஆகி உடையும், அவற்றை வெட்டிவிட்டுப் பித்தளைக் கம்பி வையுங்கள். எனக்கு 24 பேருக்குக் கூரியரோடு 900 ரூபாய், எட்டு நாள் ஆனது. குழந்தைகளையும் கிழவிகளையும் இப்படித்தான் சேர்த்தேன்.

6. பேன்ட் போட்டவருக்கு லுங்கி, கவுன் போட்டவருக்குச் சேலை

எந்தப் பையை வாங்கினாலும் வந்து சேர்பவர்கள் வெள்ளைக்காரர்கள்தான். அவர்களை நம்மூர்க்காரர்கள் ஆக்குவதுதான் இந்த வேலையிலேயே சுவையான பகுதி. நடப்பது போல் கால் அகட்டி நிற்கும் ஆளைத் தூக்கிப் போடாதீர்கள், மடித்துக் கட்டிய லுங்கிக்கு அவன்தான் சரியான ஆள்.

1/72 அளவுக்குச் சொல்கிறேன். ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். டிஷ்யூ காகிதத்தை ஒற்றை அடுக்காகப் பிரித்து, 6 மி.மீ. அகலத்தில் ஒரு கீற்று வெட்டுங்கள். ஆளின் இடுப்பில் பசை தடவி, கீற்றைச் சுற்றி, முழங்காலுக்கு மேலே நிறுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஊசி முனையால் முன்பக்கம் நடுவில் ஒரு மடிப்பு இழுத்துவிடுங்கள். காய்ந்ததும் முழங்காலுக்குக் கீழே பேன்ட், ஷூ எல்லாவற்றுக்கும் தோல் நிறம் அடித்தால் வெறுங்கால். அவ்வளவுதான், ஆபீசுக்குப் போனவர் வலை இழுக்க வந்துவிட்டார்.

சேலைக்குக் கால் சேர்த்து நிற்கும் உருவம் நல்லது. முதலில் 13 மி.மீ. அகலக் கீற்றை இடுப்பிலிருந்து பாதம்வரை சுற்றிக் காய விடுங்கள். இதை ஒரு நாள் காயவிடாமல் அடுத்ததற்குப் போனால் எல்லாம் உரிந்து கையோடு வரும், நான் நாலு பேரை அப்படிக் கெடுத்தேன். பிறகு 4 மி.மீ. கீற்று ஒன்றை வலது இடுப்பில் தொடங்கி, மார்பின் குறுக்கே இடது தோளுக்கு ஏற்றி, முதுகில் தொங்க விடுங்கள். வேலை செய்கிற அம்மா என்றால் தொங்கும் முனையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகுங்கள். கொண்டைக்கு எம்-சீல், குண்டூசித் தலை அளவு. ஊசியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. கொண்டையைச் சுற்றி ஒரு வெள்ளைப் புள்ளி வரிசை வைத்தால் மல்லிகை.

சாமானுக்குச் சமையலறையே போதும். ஒரு சீரகம் 1/100-இல் அரை மீட்டர் வஞ்சிரம். கடுகு, பச்சை அடித்தால் இளநீர். கூடைக்குச் சட்டைப் பட்டன், அதன் மேல் சீரகத்தைப் பரப்பி மேலே ஃபெவிகால் பூசி மூடுங்கள். மூடாமல் விட்டால் மழைக்காலத்தில் கூடையிலிருந்து நிஜமாகவே ஏதாவது ஊர்ந்து வரும். ஆபீஸ்காரர் கையில் இருக்கும் பெட்டிக்கு மஞ்சள் அடித்தால் தண்ணீர் கேன்.

தோல் நிறத்துக்கு 'ஸ்கின்' என்று எழுதிய புட்டியை வாங்காதீர்கள், அது இளஞ்சிவப்பு. ஃபெவிக்ரில் அல்லது கேமல் அக்ரிலிக்கில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ஒரு பங்கு, மஞ்சள் காவி ஒரு பங்கு, கொஞ்சம் கறுப்பு. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றிக் கலக்குங்கள். அறுபது பேரும் ஒரே நிறத்தில் இருந்தால் குப்பம் மாதிரி இருக்காது.

7. நிற்க வைப்பதும் கடற்காற்றும்

கட்டட மாடல் மனிதர்களுக்குப் பெரும்பாலும் அடித்தட்டு இருக்காது. ஹார்டுவேர் கடையில் இரும்பு வாஷர் வாங்குங்கள். எம்6 வாஷர் 12 மி.மீ. அகலம், எம்8 16 மி.மீ., எம்10 20 மி.மீ. 1/100-க்கு முதலாவது, 1/72-க்கு இரண்டாவது. நடு ஓட்டையை எம்-சீலால் அடைத்து, அது இறுகும் முன்பே காலை அழுத்தி நிறுத்துங்கள். மேலே சலித்த மணல். ஸ்டெயின்லெஸ் வேண்டாம், காந்தம் ஒட்டாமல் போகலாம் (காந்தம் எதற்கு என்பது எட்டாவது படியில்).

1/72 பெட்டிகளில் வரும் வளையும் பிளாஸ்டிக் உருவங்களில் பெயின்ட் உரியும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நீர்த்த ஃபெவிகால் ஒரு பூச்சு கொடுத்து, அதன் மேல் அடியுங்கள். ஸ்ப்ரே மேட் வார்னிஷ் (பளபளக்காத மேல்பூச்சு) மட்டும் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை தொடாதீர்கள். ஈரக்காற்றில் அது வெள்ளை பூத்துவிடும், முழுக் குப்பத்துக்கும் பனிமூட்டம் வந்த மாதிரி. அந்த மாதங்களில் தூரிகையால் பூசும் வார்னிஷ் போதும். மற்ற மாதங்களிலும் பதினோரு மணிக்கு மேல், நல்ல வெயிலில்.

எனக்கு ஆன செலவு, வீணானதைக் கழித்து: இரண்டு பை மனிதர்கள் 960, அச்சு 900, வாஷர், பெயின்ட், எம்-சீல், ஃபெவிகால் எல்லாம் சேர்த்து 700 சொச்சம். வெளிநாட்டுப் பெட்டி தனி. நாள் கணக்கில், ஆன்லைன் பைக்கு ஒரு வாரம், அச்சுக்கு ஒரு வாரம், ஞாயிறுதோறும் பதினைந்து பேர் வீதம் சேலை, லுங்கி கட்ட நாலு வாரம். ஆட்டத்தை நவராத்திரி விடுமுறையில் வைப்பதென்றால் ஆகஸ்டிலேயே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

8. பஸ்ஸில் கொண்டுபோவது

நான் கடலூர், ஆட்டம் நடப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நண்பர் வீட்டு மாடியில். முதல் தடவை பஞ்சில் சுற்றிக் கொண்டுபோனேன். பஞ்சு இழை எல்லாச் சேலையிலும் ஒட்டிக்கொண்டு, எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. இப்போது ஒரு கிலோ ஸ்வீட் டப்பாவின் அடியில் காந்தத் தாள் ஒட்டியிருக்கிறேன். ஏ4 அளவுத் தாள் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிறது. வாஷர் அடி அதில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே பை வைக்கும் கம்பியில் வேண்டாம். கன்னியக்கோவில் தாண்டும்வரை நான் மூடியிலிருந்து கையை எடுப்பதில்லை.